மந்தெல்லோவின் கழுகு

மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால் முதலில் மோன்சா வரும். கார்ப் பந்தய ரசிகர்கள் அங்கே இறங்கிவிடுவார்கள். அதைத் தாண்டினால் சமவெளி குறைந்து குன்றுகள் தொடங்குகின்றன. லெக்கோவுக்கு வந்ததும் மலைகள் தண்டவாளத்தை நெருங்கி நிற்கின்றன, இடப்பக்கம் ஏரி தெரிகிறது. கோமோ ஏரி தெற்கே வரும்போது இரண்டு கிளையாகப் பிரியும். மேற்குக் கிளையின் நுனியில் இருக்கும் கோமோ நகருக்கும், கிளைகள் பிரியும் முனையில் இருக்கும் பெல்லாஜியோவுக்கும்தான் உலகம் முழுவதிலிருந்தும் கூட்டம் போகிறது. நான் போனது கிழக்குக் கிளைக்கு. லெக்கோவிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. வடக்கே, கரையை ஒட்டி மந்தெல்லோ தெல் லாரியோ என்ற சிற்றூர் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. லெக்கோவில் இறங்கி, எல்லா ஊரிலும் நின்று போகும் சிறிய ரயிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரில் 1921 முதல் ஒரே இடத்தில் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் மோட்டோ குட்ஸி. இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்றால் நம் ஊர் இளைஞர்களுக்கு டுகாட்டிதான் நினைவுக்கு வரும். டுகாட்டி மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அப்போது குட்ஸிக்கு வயது 25 ஆகியிருந்தது.

ரயிலை விட்டு இறங்கியதும் தொழிற்சாலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதன் நீண்ட மதில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. பின்னால் கிரின்யா மலைத்தொடர் 2,400 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. முன்னால் ஏரி. இரண்டுக்கும் நடுவே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் ஊர், தேவாலயம், ஆலை எல்லாம் அடுக்கி வைத்ததுபோல் இருக்கின்றன. இப்படி இடநெருக்கடி உள்ள ஊரில் யாராவது வாகனத் தொழிற்சாலை கட்டுவார்களா என்ற கேள்வி உடனே வந்தது. டூரின், மிலான் போன்ற சமவெளி நகரங்களை விட்டுவிட்டு ஏன் இங்கே?

விடையின் பாதி இந்த மண்ணில் இருக்கிறது. லெக்கோவும் அதற்கு மேலேயுள்ள வல்சாஸினா பள்ளத்தாக்கும் பல நூற்றாண்டுகளாக இரும்பு வேலைக்குப் பேர்போனவை. மலையில் தாது, காட்டில் கரி, சக்கரம் சுற்ற ஓடைத் தண்ணீர் மூன்றும் அருகருகே கிடைத்ததால் கொல்லர்களும் கம்பி இழுப்பவர்களும் வார்ப்புக்காரர்களும் பரம்பரையாக இங்கே இருந்தார்கள். மறுபாதி ஒரு குடும்பத்தின் கதை. மிலானில் 1889-இல் பிறந்த கார்லோ குட்ஸியின் குடும்பத்துக்கு மந்தெல்லோவில் ஒரு வீடு இருந்தது. பிறகு அங்கேயே வந்து தங்கிவிட்டார்கள். ஊர்க் கொல்லர் ரிபமோந்தியின் பட்டறையில்தான் இளைஞர் கார்லோ தன் எண்ணங்களை இரும்பில் செய்து பார்க்கத் தொடங்கினார்.

தொழிற்சாலைக்குள் போகும் சிவப்பு இரும்புக் கேட்டின் முன்னால் எந்த நேரம் போனாலும் யாராவது தன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போனபோது ஜெர்மன் எண்பலகையுடன் இரண்டு வண்டிகள் நின்றன. ஓட்டி வந்தவர்களுக்கு அறுபது வயது இருக்கும். ஆல்ப்ஸைக் கடந்து வந்திருக்கிறார்கள். கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் படமெடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அருங்காட்சியகத்தின் மாடிப்படி ஏறினார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே போனேன்.

உள்ளே 150-க்கும் மேற்பட்ட வண்டிகள். பளபளக்கும் கண்ணாடிப் பேழைகளும் வண்ண விளக்குகளும் இல்லை. பழைய ஆலைக் கட்டடத்தின் அறைகளில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. எனக்கு இந்த எளிமை மிகவும் பிடித்தது. இங்கே எதையும் கதையாக ஜோடித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. முதல் வண்டியே போதும்.

அந்த முதல் வண்டியின் டேங்கில் இருப்பது குட்ஸி என்ற பெயர் அல்ல. ஜி.பி. என்ற இரண்டு எழுத்துகள். குட்ஸி, பரோதி என்ற இரு நண்பர்களின் பெயர்களுக்கான எழுத்துகள் அவை. முதல் உலகப் போரின்போது வெனிஸில், இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் மூவர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கார்லோ குட்ஸி மெக்கானிக். ஜோர்ஜோ பரோதி, ஜெனோவா நகரத்துக் கப்பல் முதலாளியின் மகன், விமானி. ஜொவானி ரவெல்லியும் விமானி. போருக்கு முன்பே மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பெயர் வாங்கியவர். போர் முடிந்ததும் மூவரும் சேர்ந்து வண்டி செய்வது என்று பேசிக்கொண்டார்கள். கார்லோ வடிவமைப்பார், ஜோர்ஜோ பணத்துக்கு வழி பார்ப்பார், ரவெல்லி பந்தயத்தில் ஓட்டி வெல்வார். 1919 ஆகஸ்ட் 11 அன்று ஒரு சோதனைப் பறப்பில் விமானம் விழுந்து ரவெல்லி இறந்துபோனார். போரில் பிழைத்தவர் போர் முடிந்த பிறகு இறந்தார்.

மோட்டோ குட்ஸியின் சின்னமாக இன்று வரை இருக்கும் சிறகு விரித்த கழுகு அவருக்காகத்தான். மூவரும் பணியாற்றிய விமானப் பிரிவின் சின்னத்திலிருந்து எடுத்தது. வியாபாரச் சின்னங்களில் பெரும்பாலானவை விற்பனைக்காகப் பிறந்தவை. இது ஒரு நண்பனுக்குச் செலுத்திய அஞ்சலி. நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு டேங்கிலும் அதை ஒட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறையில் நின்று இதைப் படித்தபோது என் மனம் கலங்கியது.

பணம் வந்த வழியும் கேட்கத் தகுந்தது. ஜோர்ஜோவின் தந்தை இமானுவேலே வித்தோரியோ பரோதி 1919 ஜனவரியில் மகனுக்கு எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. திட்டம் பிடித்திருக்கிறது, சோதனைக்காக 1,500 அல்லது 2,000 லீரா தருகிறேன், அதற்கு மேல் ஒரு காசும் கூடாது, செய்து முடித்ததை நானே பார்த்த பிறகுதான் பெரிய முதலீடு பற்றி முடிவு என்பது கடிதத்தின் சாரம். மகன் மீது பாசமும் கணக்கில் கண்டிப்பும் உள்ள எந்த ஊர்த் தகப்பனும் இப்படித்தான் எழுதுவார். வண்டியைப் பார்த்தார், திருப்தி. 1921 மார்ச் 15 அன்று ஜெனோவாவில் நிறுவனம் பதிவானது. ஜி.பி. என்பதை ஜோர்ஜோ பரோதி என்ற தனி ஒருவரின் பெயரெழுத்துகளாக மக்கள் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், வடிவமைத்தவரின் பெயரே இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் பெயர் குட்ஸியாக இருந்தாலும் தொடக்கத்தில் நிறுவனத்தில் கார்லோ குட்ஸிக்குப் பங்கு கிடையாது. செய்யப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்கு உரிமைத்தொகை கிடைத்தது.

ஜி.பி. வண்டியில் நான்கு வால்வு, மேலே கேம் ஷாஃப்ட் என்று அந்தக் காலத்துக்கு மிக முன்னேறிய அமைப்பு இருந்தது. அதை அப்படியே விற்றால் விலை கட்டுபடியாகாது. கார்லோ அதை எளிமையாக்கினார். அப்படிப் பிறந்தது ‘நொர்மாலே’. 500 சிசி, 8 குதிரைத்திறன், மணிக்கு 80 கி.மீ.க்குச் சற்று மேல். முதல் ஆண்டில் செய்தது 17 வண்டிகள்.

எளிமையாக்கினாலும் ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சிலிண்டரை நிமிர்த்தி வைக்காமல் முன்சக்கரத்தைப் பார்த்துப் படுக்க வைத்தார். ஓடும்போது எதிரே வரும் காற்று நேராக சிலிண்டர் தலையில் அடித்துச் சூட்டைத் தணிக்கும். எடை கீழே இருப்பதால் வளைவுகளில் வண்டி ஆட்டம் கொடுக்காது. வெளியே தெரியும்படி பெரிய ஃபிளைவீல் ஒன்று பக்கவாட்டில் சுற்றும். பன்றித் தொடைக்கறியைச் சீவும் கடை இயந்திரத்தின் வட்டக் கத்தியைப் போலவே இருப்பதால் இத்தாலியர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தப் படுத்த ஒற்றை சிலிண்டர் 1921-இல் தொடங்கி 1976 வரை, 55 ஆண்டுகள், ஏதாவது ஒரு மாடலில் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபால்கோனே என்ற வண்டியில் அதன் முழு அழகையும் பார்க்கலாம். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும்படி நிதானமாக ஓடும் எஞ்சின். நம் ஊரில் பழைய புல்லட்டின் சத்தத்துக்கு மயங்குகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கார்லோவின் அண்ணன் தம்பி உறவிலும் ஒரு நல்ல கதை உண்டு. சகோதரர் ஜூசெப்பே பொறியாளர். அக்காலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சட்டத்தோடு விறைப்பாகப் பொருத்திவிடுவார்கள். ஸ்பிரிங் வைத்தால் வண்டியின் பின்பக்கம் அலைபாயும், ஆபத்து என்பது பொது நம்பிக்கை. சகோதரர்கள் ஆடும் பின்கரத்தையும் ஸ்பிரிங்குகளையும் வைத்து ஒரு வண்டி செய்தார்கள். யாரும் நம்பவில்லை என்பதால் 1928-இல் ஜூசெப்பே அதில் ஏறி, ஐரோப்பாவின் மோசமான சாலைகளில், நார்வேயின் வட முனையை நோக்கி, ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் போய்த் திரும்பினார். அதனால் அந்த வண்டிக்கு ‘நோர்ஜே’ என்ற பெயர் வந்தது. வாதிடுவதற்குப் பதில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக் காட்டிய மனிதர். ஆனாலும் சந்தை மசியவில்லை, அந்த மாடல் குறைவாகவே விற்றது.

மசிய வைக்க இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. 1935, மேன் தீவு. பொதுச் சாலைகளில் ஒரு சுற்று 60 கி.மீ.க்கு மேல், மொத்தம் ஏழு சுற்று ஓட வேண்டிய சீனியர் டி.டி. பந்தயம். அங்கே பிரிட்டிஷ் வண்டிகளைத் தவிர வேறு எதுவும் வென்று இருபதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. டப்ளின் நகரத்து வீரர் ஸ்டான்லி வுட்ஸ், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த இரட்டை சிலிண்டர் குட்ஸியில் வந்தார். எதிரே நார்ட்டன் வண்டியில் ஜிம்மி கத்ரி. ஒவ்வொருவராக நேர இடைவெளியில் புறப்படும் பந்தயம் அது. கத்ரி முதல் ஆளாகக் கிளம்பினார், வுட்ஸ் பல நிமிடங்கள் பின்னால். கடைசிச் சுற்றுக்கு முன் கத்ரி 26 விநாடி முன்னிலை. குட்ஸியின் ஆட்கள் பெட்ரோல் நிரப்பப் புனலும் கையுமாகத் தயாராக நின்றார்கள். நார்ட்டன் முகாம் அதைப் பார்த்தது. வுட்ஸ் நிற்கப் போகிறார், இனி அவசரம் இல்லை என்று முடிவு கட்டி, மெதுவாக வந்தால் போதும் என்று தங்கள் வீரருக்குத் தகவல் அனுப்பியது. வுட்ஸ் நிற்கவில்லை. டேங்கில் இருந்த பெட்ரோலை நம்பி அப்படியே சீறிப் போனார். கத்ரி கோட்டைக் கடந்து, வென்றவருக்குரிய வாழ்த்துகளைப் பெற்றுக்கொண்டிருந்தபோது வுட்ஸ் வந்து சேர்ந்தார். கணக்குப் பார்த்தார்கள். 4 விநாடி வித்தியாசத்தில் குட்ஸி வென்றது. அதே வாரம் 250 சிசி பந்தயத்தையும் வுட்ஸ் குட்ஸியில்தான் வென்றிருந்தார். அதன்பின் பின்சக்கர ஸ்பிரிங்கை ஆபத்து என்று சொல்வது கடினமாகிவிட்டது. இன்று உலகில் நாம் ஓட்டும் கிட்டத்தட்ட எல்லா பைக்கிலும் அது இருக்கிறது.

போர்க்கால வண்டிகள் இருக்கும் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். அதற்கடுத்து வரும் சின்னஞ்சிறு வண்டியின் முன்தான் நெடுநேரம் நின்றேன். 1946-இல் வந்த 65 சிசி ‘குட்ஸீனோ’. போரில் இடிந்துபோன நாடு, காசில்லாத மக்கள், கிடைக்காத பெட்ரோல். பந்தயங்களில் ஐரோப்பாவை வென்ற நிறுவனம் அப்போது செய்தது சைக்கிளைவிடக் கொஞ்சம் கனமான இந்த வண்டியை. வேலைக்குப் போகிறவர்களும் ஊர் ஊராகப் போய் விற்பவர்களும் அதை வாங்கினார்கள். அடுத்து 1950-இல் ‘கலெத்தோ’ வந்தது. ஸ்கூட்டர்போல நடுவே கால் நுழைக்க இடம், ஆனால் பெரிய சக்கரம், கிராமத்துச் சாலைக்கு ஏற்றது. நீண்ட அங்கி அணிந்த பாதிரியார்கள் ஏறி உட்கார வசதியாக இருந்ததால் அவர்களுக்குப் பிரியமான வண்டியாயிற்று. ‘எர்கோலே’ என்ற மூன்று சக்கரச் சுமை வண்டி முன்பகுதியில் மோட்டார் சைக்கிள், பின்பகுதியில் லாரி. காய்கறிச் சந்தைக்கும் கட்டட வேலைக்கும் அதுதான். வெற்றிக்கோப்பைகளைவிட இவற்றில்தான் ஒரு நிறுவனம் தன் மக்களோடு எப்படி இருந்தது என்று தெரிகிறது.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு முதியவர் வந்து அமர்ந்தார். அவருடைய பேத்தி ஆங்கிலம் பேசினாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, தாத்தாவும் அவருடைய தந்தையும் குட்ஸியில் வேலை பார்த்தவர்கள் என்றாள். அவர் ஏரியைக் கைகாட்டி எதையோ ஆர்வமாகச் சொன்னார். எஞ்சினைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது படகைப் பற்றி.

கார்லோ குட்ஸி ஆலையோடு தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார். மலை ஓடையிலிருந்து மின்சாரம் எடுத்தார். ஊழியர்களுக்காகத் துடுப்புப் படகுச் சங்கம் ஒன்றும் இருந்தது. பகலில் லேத்திலும் அசெம்பிளியிலும் வேலை செய்தவர்கள் மாலையில் இந்த ஏரியில் துடுப்பு போட்டார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நால்வர் படகுப் போட்டியில் இத்தாலிக்குத் தங்கம் வென்றது மோட்டோ குட்ஸி சங்கத்தின் நால்வர்: மொயோலி, மொரில்லே, இன்வெர்னிட்ஸி, ஃபாஜி. “பங்காளி, அந்த நாலு பேரும் எங்க ஊர்க்காரங்க” என்று ஒரு தமிழ்க் கிராமத்துப் பெரியவர் எவ்வளவு பெருமையோடு சொல்வாரோ, அதே பெருமை அவர் முகத்தில் இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் ஆலை ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தது என்பதை நான் அதுவரை எங்கும் கேள்விப்பட்டதில்லை.

பேச்சு பந்தயத்துக்குத் திரும்பியது. “எட்டு சிலிண்டரைப் பார்த்தீர்களா?” என்று பேத்தி மூலமாகக் கேட்டார். பார்த்தேன். அதைப் பார்க்காமல் யாரும் வெளியே வர முடியாது.

1950-இல் குட்ஸி இந்த ஆலைக்குள் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டியது. மோட்டார் சைக்கிளுக்கென்று உலகில் கட்டப்பட்ட முதல் காற்றுச் சுரங்கம் அது. முழு அளவு வண்டியையும் அதன்மேல் வீரரையும் உட்கார வைத்து, காற்றைச் செலுத்தி, எந்த வளைவில் காற்று தடுக்கிறது என்று அளக்கலாம். நான் போன நாளில் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஆலைக் கட்டடங்களுக்கு நடுவே, அகன்று குறுகும் பெரிய குழாய். அதைப் பயன்படுத்தியவர் தலைமை வடிவமைப்பாளர் ஜூலியோ செசாரே கர்கானோ. அவர் கையில் அது இருந்ததால் 1955-இல் ஒரு பெரும் துணிச்சல் பிறந்தது. 500 சிசி எஞ்சினுக்குள் எட்டு சிலிண்டர்கள், எட்டு கார்புரேட்டர்கள், நீரால் குளிர்விப்பு. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 44 மில்லிமீட்டர்தான். 12,000 சுற்றில் 78 குதிரைத்திறன், மணிக்கு 275 கி.மீ. அந்த வேகத்தைத் தாங்கும் டயரும் பிரேக்கும் அன்றைக்கு இல்லை. ஏறி ஓட்டியவர்கள் பயந்தார்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 500 சிசி பந்தய வண்டிகள் மீண்டும் அந்த வேகத்தை எட்ட ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆயின.

எல்லோரும் வியந்து நிற்பது அந்த எட்டு சிலிண்டர் வண்டியின் முன்னால்தான். ஆனால் அது ஒரு உலகப் பட்டத்தைக் கூட வெல்லவில்லை. பட்டங்களை வென்றது அதே கர்கானோ செய்த 350 சிசி ஒற்றை சிலிண்டர். 1953 முதல் 1957 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள்: முதல் இரண்டு ஆண்டும் ஃபெர்கஸ் ஆண்டர்சன், அடுத்த இரண்டும் பில் லோமாஸ், கடைசியில் கீத் கேம்பல். எதிரே கிலேராவும் எம்.வி. அகுஸ்தாவும் நான்கு சிலிண்டர்களோடு வந்தன, ஜெர்மன் டி.கே.டபிள்யூ மூன்று சிலிண்டரோடு வந்தது. அவற்றுக்குக் குதிரைத்திறன் அதிகம். கர்கானோ எடையைக் குறைத்தார், காற்றுத் தடையைக் குறைத்தார், வளைவில் வண்டி வீரரின் சொல் கேட்கும்படி செய்தார். 1957-இல் அந்த 350-இன் எடை 98 கிலோ, திறன் 38 குதிரைத்திறன் அளவில். நம் தெருவில் ஓடும் சாதாரண ஸ்கூட்டரின் எடைதான் அது. இந்த அருங்காட்சியகத்தில் எனக்குத் தலைசிறந்த வண்டி எது என்று கேட்டால் தயங்காமல் இந்த ஒற்றை சிலிண்டரைச் சொல்வேன். திறனைக் கூட்டுவதற்குப் பணம் இருந்தால் வழி உண்டு. தேவையில்லாததைக் கழிப்பதற்கு அறிவு வேண்டும், படுத்த சிலிண்டரில் தொடங்கிய குட்ஸியின் அறிவு அதுவே.

1957 முடிவில் குட்ஸி பந்தயத்திலிருந்து விலகியது. கிலேராவும் மொந்தியாலும் உடன் விலகின. காரணம் பந்தயத்தில் இல்லை, சாலையில் இருந்தது. ஃபியட் நிறுவனம் 1955-இல் 600 என்ற சிறிய காரையும் 1957-இல் அதைவிடச் சிறிய 500-ஐயும் கொண்டுவந்துவிட்டது. மழையில் நனையாமல் மனைவி குழந்தைகளோடு போக முடியும் என்றான பிறகு இத்தாலியக் குடும்பங்கள் இருசக்கர வாகனத்தை விட்டு நகர்ந்தன. ஜோர்ஜோ பரோதி 1955-இல் காலமானார். கார்லோ குட்ஸி 1964 நவம்பரில், இதே மந்தெல்லோவில். நிறுவனம் கடனில் மூழ்கியது.

அதைக் காப்பாற்றிய எஞ்சினும் கர்கானோ செய்ததுதான். ஃபியட் 500 காருக்கு வேகம் கூட்டலாம் என்று அவர் ஆர்வத்தில் உருவாக்கிய இரட்டை சிலிண்டர் வடிவத்திலிருந்து அது வளர்ந்தது. காருக்குப் போகவில்லை. காவல்துறைக்கு உறுதியான, பராமரிப்பு குறைந்த வண்டி தேவைப்பட்டபோது அந்த வடிவம் கைகொடுத்தது. 1965 மிலான் கண்காட்சியில் ‘வி7’ என்ற பெயரில் வெளிப்பட்டது. 700 சிசி, 90 பாகையில் விரிந்த இரண்டு சிலிண்டர்கள் வண்டியின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் சமமாகக் காற்று கிடைக்கும். செயின் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் வழியாக விசை போகும். செயினைப்போல் அடிக்கடி எண்ணெய் விடவோ, இறுக்கவோ, மாற்றவோ வேண்டியதில்லை. இத்தாலியப் போலீஸ் வாங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸும் வாங்கியது, அதனால் ஒரு மாடலுக்குக் ‘கலிஃபோர்னியா’ என்றே பெயர். பிறகு வந்த லீனோ தோன்தி என்ற வடிவமைப்பாளர் அதே எஞ்சினைத் தாழ்வான புதிய சட்டத்துக்குள் பொருத்தி 1971-இல் ‘வி7 ஸ்போர்ட்’ செய்தார். 1976-இல் ‘லே மான்’ வந்தது. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் குட்ஸி ஒருபுறம் லேசாகச் சாயும். எஞ்சினின் சுழல்தண்டு வண்டியின் நீளவாக்கில் இருப்பதால் வரும் எதிர்விசை அது. கேட்டின் முன் நின்ற ஜெர்மன்காரர் அதை எனக்காகச் செய்து காட்டினார்.

முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1967-இல் கடன் கொடுத்தவர்கள் அமைத்த நிறுவனம், 1973-இல் தெ தொமாஸோ, 2000-இல் அப்ரிலியா, 2004 இறுதியில் பியாஜியோ. தெ தொமாஸோ காலத்தில் சிறிய வி50 வண்டிகளை மிலானின் லம்ப்ராத்தே பகுதியிலிருந்த இன்னொசென்தி ஆலையில் செய்தார்கள். லம்ப்ரெட்டா ஸ்கூட்டர் பிறந்த ஆலை அது. அந்த ஸ்கூட்டரின் இயந்திரங்களை 1972-இல் இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோயிருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டிய விஜய் சூப்பர் அவற்றில் செய்ததுதான். 1990-களின் இறுதியில் மந்தெல்லோவிலிருந்து உற்பத்தியையே வேறிடம் கொண்டுபோகும் பேச்சு எழுந்தது. தொழிலாளர்களும் உலகெங்கும் உள்ள குட்ஸி பிரியர்களும் எதிர்த்தார்கள். ஆலை நகரவில்லை. அதைச் சொல்லும்போது முதியவர் கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

அவர் நினைவுகூர்ந்த இன்னொரு பெயர் உம்பெர்தோ தோதெரோ. 1939-இல் வேலைக்குச் சேர்ந்து, கர்கானோவோடு எட்டு சிலிண்டரில் உழைத்து, ஓய்வு வயது வந்த பிறகும் ஆலைக்கு வருவதை நிறுத்தாமல் 2005-இல் இறக்கும்வரை குட்ஸியில் இருந்தவர். நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் முதலாளிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவார்கள். மந்தெல்லோவில் தோதெரோவின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள், அது சரியும்கூட. ஐந்து கைகள் மாறியும் எஞ்சின் ஞானம் இந்த ஊரை விட்டுப் போகாததற்கு இத்தகையவர்களே காரணம்.

2021-இல் நூற்றாண்டு. அந்த ஆண்டு அறிமுகமான புதிய வண்டிக்கு ‘வி100 மந்தெல்லோ’ என்று ஊரின் பெயரையே வைத்தார்கள். குட்ஸி விற்ற சாலை வண்டிகளில் நீரால் குளிரும் முதல் எஞ்சின் அதற்குத்தான். வேகத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் காற்றுத் தடுப்புச் சிறகுகளும் அதில் உண்டு. பியாஜியோவை நாம் அபே ஆட்டோவாலும் வெஸ்பாவாலும் அறிவோம். இரண்டையும் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் செய்கிறது. அதே நிறுவனத்தின் கீழ் இருந்தாலும் குட்ஸி இன்னும் மந்தெல்லோவில்தான் செய்யப்படுகிறது.

வடஇத்தாலிக்குப் போகிறவர்கள் கோமோவையும் பெல்லாஜியோவையும் பார்த்துவிட்டு மிலானுக்குத் திரும்பிவிடாதீர்கள். அரை நாள் போதும், லெக்கோ ரயிலில் ஏறுங்கள். அருங்காட்சியகம் திறக்கும் நேரத்தைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டமும் கொண்டாட்டமும் பிடிக்குமானால் குட்ஸி பிரியர்கள் உலகெங்கிலுமிருந்து திரளும் செப்டம்பரில் போங்கள், ஆனால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிட வேண்டும். உள்ளே போனதும் எட்டு சிலிண்டரின் முன் கூடியிருப்பவர்களைத் தாண்டிச் சென்று, 98 கிலோ எடையுள்ள அந்த ஒற்றை சிலிண்டரை நின்று பாருங்கள்.